சைக்கிள் பி.பி.: பெரிய கம்பெனியா, சின்னப் பட்டறையா?

பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர்தான் அதிகம் மழை பெய்கிற மாதங்கள். மழை விட்ட கையோடு சைக்கிள் ஓட்டும் நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரி விசாரிப்பு வரத் தொடங்கும். "மிதிக்கும்போது அடியில டக் டக்குனு சத்தம். பி.பி. போயிடுச்சுன்னு கடையில சொல்றாங்க. ஷிமானோவே போட்டுடலாமா, இல்ல கிறிஸ் கிங், ஹோப் மாதிரி நல்லதா ஒண்ணு வெளிநாட்டுல இருந்து வரவழைக்கவா?"

பி.பி. என்பது பாட்டம் பிராக்கெட். இரண்டு கிராங்க்கையும் இணைக்கும் அச்சு பிரேமின் அடிக்குழாய்க்குள் சுழல்கிறது அல்லவா, அந்த அச்சைத் தாங்கும் பேரிங்குகளும் அவற்றின் கூடும் சேர்ந்ததுதான் இது. வெளியே தெரியாத சாமான். ஆனால் நம் எடையும் மிதியும் மொத்தமாக இறங்குகிற இடம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிக்குழாயில் திரெட் இருந்தால், ஷிமானோ மாதிரிப் பெரிய கம்பெனியின் மலிவுச் சரக்கை வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். திரெட் இல்லாமல் அழுத்திச் செருகுகிற வகை என்றாலோ, இன்று பெரியவர்கள் சீண்டாத பழைய அளவு என்றாலோ, சின்னக் கம்பெனிகளிடம் போங்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளக் கட்டுரை.

பணம் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. அடியிலிருந்து சத்தம் வந்தாலே பி.பி. என்று முடிவு கட்டுவது பல சமயம் தப்பாகப் போகும். பெடல் திரெட்டில் கிரீஸ் காய்ந்திருந்தாலும், செயின் வீல் போல்ட் தளர்ந்திருந்தாலும், சீட் போஸ்ட்டில் மண் சேர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். பிரேம் குழாய்கள் சத்தத்தைக் கடத்திக் கொண்டுபோவதால் எல்லாமே காலடியிலிருந்து வருவதாகத் தோன்றும். செயினைப் பல் சக்கரத்திலிருந்து கழற்றி ஓரமாகத் தொங்கவிடுங்கள். இடது கையை சீட் குழாயில் வைத்துக்கொண்டு வலது கையால் கிராங்க்கை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் இடது கையில் ஒன்றும் தெரியாது. கெட்டுப்போனது நரநரவென்று உள்ளங்கையில் ஏறும். அப்புறம் கிராங்க் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இந்தப் பக்கம் ஆடினால் அந்தப் பக்கக் கிராங்க்கும் சேர்ந்து ஆடுகிறதா? அப்படியானால் பி.பி.தான். நரநரப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை என்றால், முதலில் பெடலைக் கழற்றிக் கிரீஸ் தடவி மாட்டிப் பாருங்கள்.

இது எதனால் கெடுகிறது என்று தெரிந்தால்தான் இரண்டு தரப்பையும் ஒப்பிட முடியும். நாம் மிதிப்பது நிமிடத்துக்கு 80, 90 சுற்று. மின் மோட்டாரில் இதே அளவு பேரிங் ஆயிரக்கணக்கில் சுற்றும். அதனால் அதிவேகத்துக்கான துல்லியத் தரம், ஏபெக் எண் என்றெல்லாம் விளம்பரத்தில் வருவதற்கும் சைக்கிள் அடியில் நடப்பதற்கும் அதிகத் தொடர்பு இல்லை. இங்கே எமன் இரண்டு. ஒன்று தண்ணீரும் மண்ணும். இன்னொன்று, இரண்டு பக்கப் பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் உட்காராமல் இருப்பது.

தண்ணீர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. சீட் போஸ்ட் செருகுகிற இடத்தில் உள்ள பிளவு வழியே இறங்கி, சீட் குழாய்க்குள் ஓடி, நேரே அடிக்குழாயில் தேங்கும். பல பிரேம்களில் அது வெளியேற ஓட்டையே வைக்கமாட்டார்கள். மழைக்காலம் முடிந்து பி.பி.யை வெளியே இழுக்கும்போது டீ நிறத் தண்ணீர் மெக்கானிக் காலில் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். போதாக்குறைக்கு, ஸ்கூட்டர் வாட்டர் சர்வீஸ் கடையில் சைக்கிளையும் நிறுத்தி பிரஷர் பைப்பில் அடிக்கச் சொல்கிற ஆட்கள் நம்மில் நிறைய. அந்த அழுத்தத்துக்கு எந்தக் கம்பெனியின் சீலும் தாங்காது, விலை எதுவாக இருந்தாலும்.

அடுத்தது இடப் பிரச்சினை. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் மையமே இதுதான். உலகத்தில் அதிகம் புழங்கும் திரெட் அளவு பி.எஸ்.ஏ. விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 இழை, குழாயின் அகலம் ரோடு சைக்கிளில் 68 மி.மீ., மலை சைக்கிளில் பெரும்பாலும் 73. வலது பக்கம் ரிவர்ஸ் திரெட். அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸின் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். ஓட்டி வளர்ந்தவர்களுக்குப் பெயர் பழகியதுதான், இரண்டுக்கும் மூலம் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். ஆக உள்ளே கிடைப்பது சுமார் 34 மி.மீ. வட்டம். அதற்குள் அச்சும் வேண்டும், பால்ரஸும் வேண்டும், கூடும் வேண்டும். அச்சைத் தடிமனாக்கினால் பால்ரஸ் சிறுத்துவிடும். பால்ரஸ் சிறுத்தால் ஆயுள் குறையும். இந்தக் கணக்கை ஜப்பான்காரனாலும் மாற்ற முடியாது, அமெரிக்காக்காரனாலும் மாற்ற முடியாது.

ஐசிஸ் என்று ஒரு பி.பி. அச்சு அமைப்பு வந்தது ஞாபகம் இருக்கலாம். 1990களில் ஷிமானோ ஆக்டாலிங்க் என்ற தடித்த அச்சைக் கொண்டுவந்து காப்புரிமையும் வைத்துக்கொண்டது. அதற்குப் போட்டியாக கிறிஸ் கிங், ரேஸ் ஃபேஸ், ட்ரூவாட்டிவ் மூவரும் சேர்ந்து யாரும் பயன்படுத்தலாம் என்று ஐசிஸைக் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதே குறுகிய குழாய்க்குள் தடித்த அச்சு, அதனால் பொடிப் பால்ரஸ். சீக்கிரம் சீக்கிரம் கெட்டது. பிறகு ஷிமானோ 2003 வாக்கில் ஹாலோடெக் 2 என்று பேரிங்குகளைக் குழாய்க்கு வெளியே கொண்டுவந்து வைத்தது. 24 மி.மீ. அச்சு, அதற்குப் போதுமான பால்ரஸ். அந்த இடத்தில் பிரச்சினை தீர்ந்தது. இன்றும் திரெட் குழாயில் 30 மி.மீ. அச்சு கிராங்க்கோ, எஸ்ராம் கம்பெனியின் 28.99 மி.மீ. டப் கிராங்க்கோ போட்டால் பால்ரஸ் மறுபடி சிறுக்கும். மழையிலும் ஓட்டுவேன் என்பவருக்கு 24 மி.மீ. அல்லது பழைய சதுர அச்சு நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். எந்தக் கம்பெனி என்பதற்கு முன்னால் எந்த அச்சு என்று கேளுங்கள்.

இப்போது பெரிய கம்பெனிப் பக்கம். ஷிமானோ 1921இல் ஒசாகா அருகே சாக்காயில் தொடங்கியது. சதுர அச்சுக்கு அவர்களுடைய யூஎன்55 பல வருடம் கொடிகட்டிப் பறந்தது. அதை நிறுத்திவிட்டு இப்போது யூஎன்300 தருகிறார்கள். பழையவர்கள் யூஎன்55 போல வராது என்று பெருமூச்சு விடுவார்கள். இருக்கலாம். ஆனால் யூஎன்300 மூடிய டப்பா, உள்ளே தண்ணீர் போக வழி குறைவு, பல அச்சு நீளங்களில் வருகிறது, ஆயிரத்துச் சொச்ச ரூபாயில் முடிந்துவிடும். ஹாலோடெக் வகைக்கு எம்டி500, ஆர்எஸ்500 போன்றவை. கொஞ்சம் மேலே அல்டெக்ரா வரிசையின் பிபிஆர்60. இதில் ஒரு சின்னத் தொல்லை: பிபிஆர்60இன் கப், அதாவது பேரிங் உட்காரும் கூடு, மற்றதைவிடச் சிறியது, வழக்கமான ஸ்பேனர் உட்காராது. டப்பாவில் ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் வரும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இவற்றின் குறை ஊரறிந்தது. கெட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். உள்ளே இருக்கும் பேரிங்கைத் தனியாக ஷிமானோ விற்பதில்லை. சுற்றுச்சூழல் அக்கறை உள்ளவருக்கு நெருடும், எனக்கும் நெருடுகிறது. ஆனால் விலையையும் கிடைக்கும் இடத்தையும் பார்த்தால் வாதம் பலவீனமாகிவிடும். பெங்களூரில் ஓரளவு பெரிய சைக்கிள் கடை எதிலும் இது இருக்கும், ஓசூரில் இருக்கும், கோயம்புத்தூரில் இருக்கும். பிரவே என்பது கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்; 600 கி.மீ. பிரவே ஓட்டுபவர்களுக்கு 40 மணி நேரக் கெடு. சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டியவருக்கு வெள்ளிக்கிழமை மாலை பி.பி. நரநரத்தால், அன்று இரவு கையில் கிடைப்பதுதான் உலகத்திலேயே நல்ல பி.பி.

லூதியானாவை விட்டுவிட்டதாக யாராவது கோபித்துக்கொள்வார்கள். சாதா சைக்கிளின் கப், கோன், அச்சு எல்லாம் பெரும்பாலும் அந்த ஊர்ச் சின்னப் பட்டறைகளில் செய்து நாடு முழுக்கப் போகிறது. ஒரு பக்கத்துக்கு கால் அங்குலப் பால்ரஸ் 11, காட்டர் பின் அடித்த கிராங்க். அல்சூரில் மரத்தடியில் பெட்டி வைத்திருக்கும் அண்ணன் ஓவராயில் பண்ணும்போது மண்ணெண்ணெயில் கழுவி, புதுப் பால்ரஸ் கொட்டி, கிரீஸ் அப்பி, கோனை விரலால் இறுக்கிப் பார்த்து, அரை மணியில் முடித்துத் தருவார். தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், கப்பின் ஓடுபாதை சில சமயம் மெத்தென்று இருந்து சீக்கிரம் குழி விழும். ஆனால் அந்தச் சைக்கிளுக்கு அதுதான் பொருத்தம். காய்கறி வாங்கப் போகிற ஹீரோவுக்கு இறக்குமதிச் சரக்கு தேடுவது வீண் வேலை.

சின்னக் கம்பெனிகளைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சீல் செய்த பேரிங்கைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியதில் இவர்களுக்குப் பெரிய பங்கு. ஃபில் வுட் கம்பெனி 1971இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கியது. கப்பும் கோனும் அடிக்கடி பிரித்து மாட்ட வேண்டிய காலத்தில், மூடிய பேரிங் போட்ட ஹப்பும் பி.பி.யும் செய்து விற்றார்கள். அவர்களுடைய பி.பி.யில் எனக்குப் பிடித்தது பேரிங்கைவிட வளையங்கள். பேரிங் உள்ள உருளை தனி, அதைப் பிரேமில் பிடிக்கும் திரெட் வளையங்கள் தனி. ஆங்கிலத் திரெட், இத்தாலியத் திரெட், பிரெஞ்சுத் திரெட் என்று எது வேண்டுமோ அந்த வளையத்தை வாங்கி அதே உருளையைப் பொருத்தலாம். வளையத்துக்கு விளிம்பு கிடையாது என்பதால் உருளையை இடமோ வலமோ சில மி.மீ. நகர்த்தி வைத்துச் செயின் நேர்கோட்டைச் சரிசெய்துகொள்ளலாம். ஷிமானோவில் இது நடக்காது. அச்சு நீளம் தவறினால் வேறு வாங்க வேண்டியதுதான்.

பழைய பிரேம் பிரியர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். தாத்தாவின் ராலேயைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்குபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். அசல் ராலே தன் சைக்கிள்களுக்கென்று அங்குலத்துக்கு 26 இழை வைத்தது. 24 இழைக் கப்பை அதில் முறுக்கினால் முதல் இரண்டு சுற்று போவதுபோல இருக்கும், அப்புறம் பிரேமின் திரெட்டையே தின்றுவிடும். ஏற்கெனவே யாரோ தின்றுவிட்ட குழாய்க்கும் வழி உண்டு. அமெரிக்காவில் வெலோ ஆரஞ்ச் என்ற சின்னக் கம்பெனி, திரெட்டே இல்லாமல் உள்ளுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் சதுர அச்சு பி.பி. விற்கிறது. இத்தனை குறைந்த எண்ணிக்கையில் விற்கும் பொருளைப் பெரிய கம்பெனி எந்தக் காலத்திலும் செய்யாது. இந்த இடத்தில் சின்னவர்களுக்குப் போட்டியே கிடையாது.

கிறிஸ் கிங் 1976இலிருந்து இருக்கிறது. ஹெட்செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்) தொடங்கியது, இப்போது ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பேரிங்கை வெளியே வாங்கிக் கூட்டில் அடைத்து விற்கும்போது, இவர்கள் பேரிங்கையே தாங்களே செய்கிறார்கள். கிராங்க்கைக் கழற்றி, அவர்களுடைய ஒரு கருவியைச் செருகிக் கிரீஸ் துப்பாக்கியால் அழுத்தினால் பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதுசு நிரம்பும். கப்பைப் பிரேமிலிருந்து எடுக்கவே வேண்டாம். மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை என்று செய்தால் நிறைய வருடம் ஓடும். செய்வீர்களா என்பதுதான் கேள்வி. ஐ.டி. வேலை, வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், ஞாயிறு காலை நந்தி மலை என்று ஓடுகிற ஆளுக்கு அந்தக் கருவி பரணில்தான் கிடக்கும். பராமரிக்காத கிறிஸ் கிங்கும் பராமரிக்காத எம்டி500உம் சாகும்போது பெரிய வித்தியாசம் இருக்காது. பில்லில்தான் இருக்கும்.

ஹோப், இங்கிலாந்தின் லங்காஷயரில் பார்னல்ட்ஸ்விக் என்ற சிற்றூரில் 1989இல் தொடங்கியது. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த இரண்டு பொறியாளர்களின் கம்பெனி. துருப்பிடிக்காத எஃகுப் பேரிங், பேரிங்கைத் தனியாகவும் விற்கிறார்கள். மழையும் சேறும் நிறைந்த நாட்டில் செய்கிறவர்கள் என்பதால் எனக்கு அவர்கள் மேல் ஒரு சாய்வு உண்டு. திரெட் பிரேமுக்கே சின்னக் கம்பெனிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு நான் ஹோப்பைக் காட்டுவேன்.

செராமிக் பற்றி ஒரே பத்தி போதும். டென்மார்க்கின் செராமிக்ஸ்பீட் மாதிரியானவர்கள் சிலிக்கான் நைட்ரைடு பால்ரஸ் போட்டு விற்கிறார்கள். பி.பி.யில் உராய்வுக்குப் போகிற சக்தி மொத்தமே ஓரிரு வாட். அதில் பாதியை மிச்சம் பிடித்தாலும் அழுக்குச் செயின் தின்பதில் ஒரு மூலைக்கு வராது. பால்ரஸ் செராமிக்காக இருந்தாலும் அது ஓடுகிற பாதை பெரும்பாலும் எஃகு, அது துருப்பிடிக்கும். பந்தயத்தில் நொடிக்கணக்கில் தோற்பவர்கள் வாங்கட்டும். வெளிவட்டச் சாலையில் டிராஃபிக்கில் நிற்பவர்களுக்கு வேண்டாம்.

சரி, திரெட் இல்லாத பிரேம்களுக்கு வருவோம். இங்கேதான் கணக்கு தலைகீழாக மாறுகிறது.

கேனன்டேல் சைக்கிள் கம்பெனி 2000இல் பிபி30 கொண்டுவந்தது. 42 மி.மீ. குழாய், 30 மி.மீ. அச்சு, பேரிங்கை நேராகக் குழாய்க்குள் அழுத்திவிடலாம். பின்னால் பிஎஃப்30, பிபி86, ட்ரெக்கின் பிபி90 என்று வரிசையாக வந்தன. எடை குறைகிறது, கார்பன் பிரேம் செய்வது எளிதாகிறது என்றார்கள். கம்பெனிக்கு எளிதானது உண்மை. ஆனால் திரெட் வேலை செய்த பிடிப்பை இப்போது குழாயின் அளவுத் துல்லியமே செய்ய வேண்டும். குழாய் ஒரு நூலளவு பெரிதாகவோ, இரண்டு ஓரமும் ஒரே கோட்டில் இல்லாமலோ போனால், மிதிக்கும்போதெல்லாம் கப் நுண்ணளவில் அசையும். அதுதான் அந்தக் கிரீச் சத்தம். புதுப் பேரிங் போட்டாலும் ஒரு மாதத்தில் திரும்பும், கடைக்காரர் மறுபடியும் பேரிங் மாற்றுவார், நாம் மறுபடியும் பணம் கொடுப்போம்.

பிரேம் சரியாக அமைந்திருந்தால் பிபி86க்கு ஷிமானோவின் பிளாஸ்டிக் கப்பே போதும், பேசாமல் உழைக்கும். அமையாவிட்டால் அதே பெரிய கம்பெனியிடம் அடுத்த பதில் இல்லை. பதில் வைத்திருப்பது சின்னவர்கள். கொலராடோவின் வீல்ஸ் மேனுஃபேக்சரிங், தைவானின் டோக்கன், கலிஃபோர்னியாவின் பிராக்ஸிஸ் போன்றவர்கள். முதல் இரண்டு பேரின் யோசனை எளிமையானது: இடது கப்பும் வலது கப்பும் குழாய்க்கு உள்ளே ஒன்றோடொன்று திரெட் போட்டு இறுகிக்கொள்ளும். பிரேமில் திரெட் இல்லாவிட்டால் என்ன, கப்புகளுக்குள் இருக்கிறதே. இரண்டு பேரிங்கும் ஒரே உலோகத் துண்டில் இருப்பதுபோல ஆகிவிடுவதால் நேர்கோட்டுப் பிரச்சினை பெருமளவு குறைகிறது, பிரேமைக் கவ்விப் பிடிப்பதால் அசைவும் நிற்கிறது. பிராக்ஸிஸ் ஒரு பக்கம் அழுத்திச் செருகி மறுபக்கம் திரெட்டால் விரிந்து பிடிக்கிற மாதிரி செய்தது. கிரீச் சத்தத்தோடு கடை கடையாக அலைந்த ஆட்களுக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை. விலை ஷிமானோவைவிடப் பல மடங்கு. இங்கே அந்தக் காசு நியாயம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குழப்பத்தை உண்டாக்கிய பெரியவர்களே மெல்லத் திரெட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஸ்பெஷலைஸ்ட் 2020இல் டார்மாக் எஸ்எல்7ஐ பழைய பி.எஸ்.ஏ. திரெட்டோடு விட்டது. ட்ரெக் டி47க்குப் போனது. அந்த டி47 எனும் பெரிய திரெட் அளவைக் கிறிஸ் கிங்கும் ஆர்கோனாட் என்ற சின்ன பிரேம் பட்டறையும் சேர்ந்துதான் கொண்டுவந்தார்கள். கேனன்டேலும் தன் முதல்தர ரோடு பிரேமில் பி.எஸ்.ஏ.வுக்கு வந்துவிட்டது. நடுவில் பிபி90 பிரேம் வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

அதனால் "பெரிய கம்பெனி என்றால் உதிரி என்றைக்கும் கிடைக்கும்" என்ற நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்கேஎஃப்பைவிடப் பழுத்த பேரிங் கம்பெனி எது? அவர்களுக்கு இங்கே பொம்மசந்திராவிலேயே ஆலை இருக்கிறது. ஒரு காலத்தில் அருமையான சதுர அச்சு பி.பி. செய்தார்கள், நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். நிறுத்திவிட்டார்கள்.

உதிரி விஷயத்தில் நான் பார்ப்பது பேரிங்கின் மேல் பொறித்த எண்ணை. சின்னக் கம்பெனியிடம் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். 6805 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 37, அகலம் 7 மி.மீ. 6806 என்றால் 30, 42, 7. இரண்டும் தொழிற்சாலைகளில் புழங்கும் பொது அளவுகள். எஸ்.ஜே.பி. ரோட்டில் பேரிங் கடை வாசலில் போய் நின்று, "அண்ணா, 6806 ரெண்டு கொடுங்க" என்றால் அவர் தலையைக்கூடத் தூக்காமல் "ரப்பர் சீலா, தகரமா?" என்பார். ரப்பர். பேரிங்கில் 2ஆர்எஸ் என்று போட்டிருக்க வேண்டும். தகர மூடி போட்ட இசட்இசட் தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது.

ஆனால் சில கம்பெனிகள் 24 மி.மீ. அச்சுக்கு நேராகப் பொருந்த 2437 என்ற அளவைப் போடுகின்றன. அது சைக்கிளுக்கென்றே உள்ளது, அந்தக் கடைகளில் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். 6805 போட்ட கப்பில் 24க்கும் 25க்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். பேரிங் மாற்றும்போது அதைப் பத்திரமாக எடுத்து வைக்கவேண்டும்.

பொதுக் கடைப் பேரிங்கில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகமாகச் சுற்றும் இயந்திரங்களுக்காகச் செய்வதால் உள்ளே கொஞ்சம்தான் கிரீஸ் இருக்கும். நமக்கு வேகம் இல்லை, தண்ணீர்தான் எதிரி. மெல்லிய பிளேடு நுனியை ரப்பர் சீலின் உள் ஓரத்தில் கொடுத்து மெதுவாகத் தூக்கினால் சீல் வளையாமல் வரும். தண்ணீர் தாங்கும் கிரீஸை விரலால் அழுத்தி, பால்ரஸ்களுக்கு நடுவே இடமே இல்லாத அளவு நிரப்பிவிட்டு சீலை மறுபடி அமுக்குங்கள். சுற்றும்போது கொஞ்சம் கனமாக இருக்கும், சில நாளில் சரியாகிவிடும். பேரிங்கை இறக்கவும் ஏற்றவும் சுத்தியலால் அடிக்காதீர்கள். பீன்யாவில் ஏதாவது லேத் பட்டறையில் அளவு கொடுத்தால் இரண்டு அலுமினிய வட்டுக் கடைந்து தருவார்கள், நடுவில் நீளப் போல்ட் போட்டு முறுக்கினால் அதுவே பிரஸ். அதே உற்சாகத்தில் கப்பையே கடைந்து தரச் சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். 24 இழைத் திரெட் ஓரளவு தவறினாலும் போவது பிரேம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் விலை என்று நாம் நினைப்பது பொருளின் விலையை மட்டும். அதற்கு மேல் கூரியர், சுங்கம், ஜிஎஸ்டி, கூரியர்காரன் போடும் கையாளும் கட்டணம், கே.ஒய்.சி. எல்லாம் உண்டு. உத்தரவாதம் எத்தனை வருடம் எழுதியிருந்தாலும், திருப்பி அனுப்ப ஆகும் செலவில் இங்கே இரண்டு ஷிமானோ வாங்கிவிடலாம். அமெரிக்காவிலிருந்து யாராவது ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது நம் எல்லோருக்கும் கைவந்த கலை. கூடவே ஒரு செட் பேரிங்கும், அந்தக் கப்புக்கான கருவியும் வாங்கிவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கம்பெனியின் கப்புக்கும் வெட்டு வேறு, இங்கே கடையில் அந்தக் கருவி இல்லாமல் பைப் ரெஞ்சால் கவ்விய கப்புகள் பார்க்கச் சகிக்காது.

ஆக, அலுமினியப் பிரேம், பி.எஸ்.ஏ. திரெட், ஹாலோடெக் கிராங்க், ஆபீஸுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓட்டுகிறீர்கள் என்றால் எம்டி500 அல்லது பிபிஆர்60. பிரவே ஓட்டுகிற எஃகுப் பிரேம், சதுர அச்சு, இதே சைக்கிளை இன்னும் இருபது வருடம் வைத்திருப்பேன் என்றால் யூஎன்300 போட்டு ஓட்டுங்கள், ஆசை விடவில்லை என்றால் ஃபில் வுட். அந்த ஆசையை நான் கிண்டல் செய்யமாட்டேன். பிபி30 அல்லது பிபி86 கார்பன் பிரேம், கிரீச் சத்தம் விடாமல் வருகிறது என்றால், பேரிங்கை மூன்றாம் முறை மாற்றாமல் ஒன்றோடொன்று திரெட் போடும் வகைக்குப் போங்கள். அதில் முடிந்தால் 6806 எடுக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்.

எதைப் போட்டாலும் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, அடிக்குழாயில் திரெட் சுத்தம் செய்யும் டேப் (tap) கருவியும், ஓரத்தைச் சமன் செய்யும் கருவியும் இருக்கிறதா என்று. திரெட்டில் பெயின்ட் அடைத்த புதுப் பிரேம்களில் கப் பாதியிலேயே நின்றுவிடும். இருக்கிறது என்றால் அவரிடமே விடுங்கள். ஹாலோடெக் வகை என்றால் கப்பை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும், கையால் குத்துமதிப்பாக முறுக்கினால் பெரும்பாலும் குறைவாகவே போகும். இடது கிராங்க்கில் உள்ள பிளாஸ்டிக் மூடிக்கு நேர் எதிர்: அதிகபட்சம் 1.5, விரல் நுனியின் வேலை அது. அதைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் புதுப் பேரிங் முதல் நாளிலிருந்தே நசுங்கி ஓடும். மூடியை மெதுவாக வைத்து, கிராங்க்கில் ஆட்டம் நின்றவுடன் நிறுத்தி, அதற்கப்புறம் பக்கத்து இரண்டு போல்ட்டையும் 12 முதல் 14 வரை மாற்றி மாற்றி இறுக்கச் சொல்லுங்கள். அவர் டார்க் ரெஞ்சைத் தேடி எடுக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.